மெயிலில் அனுப்பிய பவர்பாயின்ட் ஒருவருக்கு மட்டும் திறக்கவில்லை, உதவி தேவை

பசுந்தீவனம் | திங்கள் காலை 7.40

வணக்கம். கால்நடைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பால் சங்கத்து உறுப்பினர்களுக்கு அவ்வப்போது மடிநோய் பற்றி வகுப்பு எடுக்கிறேன். வரும் வியாழன் ஒரு வகுப்பு இருக்கிறது. ஏற்பாடு செய்யும் தம்பிக்கு பவர்பாயின்ட் ஃபைலை மெயிலில் அனுப்பினேன். 32 ஸ்லைடு, 11 எம்பி. நடுவில் 40 விநாடி வீடியோ ஒன்றும் உண்டு.

அவருக்கு பிரசன்டேஷன் வரவில்லையாம். "வின்மெயில் டாட் டாட்னு ஏதோ வந்திருக்கு சார்" என்கிறார். (முதல் டாட் புள்ளி, இரண்டாவது டாட் ஃபைல் பேரின் கடைசிப் பகுதி, டி-ஏ-டி. இது புரியவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது.) மறுபடி அனுப்பினேன், அதேதான். ஜிப் செய்து அனுப்பினேன், அதற்கும் அதே வின்மெயில். ஆனால் இதே ஃபைலை என் மகனுக்கு அனுப்பினால் உடனே திறக்கிறது. கோளாறு என் பக்கமா, அவர் பக்கமா?

சும்மா வந்தவன் | காலை 8.05

சார், அந்த வின்மெயில் ஃபைலின் பேரை மாற்றி கடைசியில் பிபிடிஎக்ஸ் என்று போடச் சொல்லுங்க. திறந்துடும்.

பசுந்தீவனம் | காலை 9.20

தம்பி செய்து பார்த்துவிட்டார். படிக்க முடியவில்லை என்று பவர்பாயின்ட் சொல்கிறதாம்.

ராத்திரி ஷிப்ட் | காலை 9.50

பேர் மாற்றினால் திறக்காது சார். பவர்பாயின்ட் 2007-லிருந்து வரும் பிபிடிஎக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. உள்ளே அந்த அமைப்பு இல்லாவிட்டால் வெளியே என்ன பேர் எழுதினாலும் பவர்பாயின்ட் ஏமாறாது.

மூன்று விஷயம் சொல்லுங்கள். நீங்கள் எதிலிருந்து அனுப்புகிறீர்கள்? அவர் எதில் திறக்கிறார்? அவருக்கு வந்த அந்த வின்மெயிலின் அளவு என்ன? அளவுதான் முக்கியம். சில கேபிதான் என்றால் ஃபைலுக்குப் பதில் டெஸ்க்டாப் ஷார்ட்கட்டை இணைத்துவிட்டீர்களோ என்று பார்க்கலாம். வாரத்துக்கு ஒருவராவது எங்களிடம் இந்தப் புகாரோடு வருவார்.

பசுந்தீவனம் | காலை 11.15

நான் அவுட்லுக் 2016. அவர் அலுவலக சிஸ்டத்தில் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருள். அளவு 11 எம்பிக்குக் கொஞ்சம் மேலே காட்டுகிறதாம்.

ராத்திரி ஷிப்ட் | காலை 11.40

அப்படியானால் உங்கள் ஃபைல் பத்திரமாக அதற்குள்தான் இருக்கிறது. அவர் சிஸ்டத்துக்கு அந்தக் கட்டைப் பிரிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவுட்லுக்கில் மெயில் எழுத மூன்று வடிவம் உண்டு: ஹெச்டிஎம்எல், பிளெய்ன் டெக்ஸ்ட், ரிச் டெக்ஸ்ட். இந்த ரிச் டெக்ஸ்ட் மைக்ரோசாஃப்டின் வீட்டுச் சமாசாரம். அதில் போகும் மெயிலில் எழுத்தின் அலங்காரத்தையும் இணைப்பையும் சேர்த்து ஒரே பொட்டலமாகக் கட்டிவிடும். அந்தப் பொட்டலத்தின் பேர்தான் வின்மெயில். அவுட்லுக்காக இருந்தால் பிரித்துக்கொள்ளும். தண்டர்பேர்டு மாதிரி வேறு ஆட்களுக்குப் பொட்டலம் அப்படியே போய்ச் சேரும். ஜிப் செய்தாலும் அந்த ஜிப்பையும் உள்ளே வைத்துத்தான் கட்டும்.

மெயில் எழுதும் ஜன்னலில் ஃபார்மட் டெக்ஸ்ட் போய் ஹெச்டிஎம்எல் தேர்ந்து, பிறகு ஃபைலை இணைத்து அனுப்புங்கள்.

மகனுக்குப் போய் இவருக்கு மட்டும் போகாததால் எனக்கு இன்னொரு சந்தேகம். ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும் ரிச் டெக்ஸ்டில் அனுப்பு என்று அவுட்லுக்கில் குறித்து வைக்க முடியும். அது இருந்தால் நீங்கள் வெளியே எதை மாற்றினாலும் கேட்காது. கான்டாக்டில் அவர் முகவரியின் ப்ராப்பர்ட்டீஸில் இன்டர்நெட் ஃபார்மட் என்று இருக்கும் (வெர்ஷனுக்கு வெர்ஷன் இடம் மாறும்). அதை "அவுட்லுக்கே முடிவு செய்யட்டும்" என்ற பொருளில் உள்ள தேர்வுக்கு மாற்றுங்கள். அதோடு, டூ கட்டத்தில் முதல் இரண்டு எழுத்து அடித்ததும் அவர் பேர் தானாக விழுமே, அதன் ஓரத்தில் உள்ள பெருக்கல் குறியைத் தட்டி நீக்கிவிட்டு முகவரியை முழுதாக டைப் செய்யுங்கள். பழைய குறிப்பு அதிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

வின்மெயிலைப் பிரிக்கிறோம் என்று ஆன்லைனில் நிறைய தளங்கள் இருக்கின்றன. அலுவலக ஃபைலை முகம் தெரியாதவன் சர்வரில் கொண்டுபோய்ப் போட நான் சொல்ல மாட்டேன்.

சும்மா வந்தவன் | மதியம் 12.10

இவ்வளவு எதுக்கு சார், வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாகப் போட்டுவிடலாமே.

பசுந்தீவனம் | மாலை 6.30

அந்த அலுவலக சிஸ்டத்தில் வாட்ஸ்அப்புக்கு அனுமதி இல்லையாம் தம்பி.

ராத்திரி ஷிப்ட் சொன்னது அப்படியே சரி. அவர் முகவரியில் ரிச் டெக்ஸ்ட் என்றுதான் இருந்தது. எப்போது யார் வைத்தது என்று கடவுளுக்கே வெளிச்சம். மாற்றி அனுப்பினேன், ஃபைல் திறந்துவிட்டது. மிக்க நன்றி.

ஆனால் இப்போது வேறு பிரச்சினை. படங்கள் வருகின்றன, தமிழ் வரவில்லை. தலைப்பில் நான் "மாடு" என்று போட்டது அங்கே கே, எச், பெரிய எல் என்று மூன்று ஆங்கில எழுத்தாக நிற்கிறது. போட்டோ எடுத்து அனுப்பினார். 32 ஸ்லைடும் இப்படித்தான்.

டிடிபி அக்கா | இரவு 8.15

ஐயா, பாமினி ஃபான்டில் அடித்தீர்களா? கே, எச், எல் என்றதுமே கண்டுபிடித்துவிட்டேன். இருபது வருஷமாக அதில்தான் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறேன்.

பாமினி யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை) இல்லை. ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அதன் மேல் ஃபான்ட் ஒரு தமிழ் முகமூடி மாட்டுகிறது. அவர் கணினியில் பாமினி இல்லை, முகமூடி கழன்றுவிட்டது. ரீப்ளேஸ் ஃபான்ட் கொடுத்து வேறு தமிழ் ஃபான்டுக்கு மாற்றினாலும் பலன் இல்லை, உள்ளே எழுத்து மாறாது.

அவசரத்துக்கு பிடிஎஃப் ஆக்கி அனுப்பலாம், எழுத்து அப்படியே இருக்கும். ஆனால் உங்கள் வீடியோ ஓடாது. இல்லையென்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், சேவ் போய் எம்பெட் ஃபான்ட்ஸ் டிக் செய்யுங்கள். ஃபான்டில் அனுமதி இருந்தால்தான் ஏறும். நிரந்தர வழி, எழுத்தை யூனிகோடுக்கு மாற்றுவதுதான். என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் பாமினியைத் தேர்ந்து, மாற்றி, திரும்ப ஒட்டி, நிர்மலா யுஐ ஃபான்ட் கொடுங்கள். அது விண்டோஸிலேயே வரும்.

ஒன்று கவனிக்கணும்: ஸ்லைடில் ஆங்கில வார்த்தை இருந்தால் அதை விட்டுவிட்டு காப்பி செய்யுங்கள். கன்வெர்ட்டருக்கு எது தமிழ், எது ஆங்கிலம் என்று தெரியாது, எல்லாவற்றையும் மாற்றிவிடும்.

பசுந்தீவனம் | புதன் இரவு 10.05

பிடிஎஃப் வேண்டாம் என்று முடிவு செய்தேன். நாலு காம்புப் பாலையும் தட்டில் கறந்து, மருந்து விட்டுச் சுழற்றி, கெட்டிப்படுகிறதா என்று பார்ப்பதுதான் அந்த வீடியோ. அது ஓடாவிட்டால் வகுப்பே இல்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து 32 ஸ்லைடையும் மாற்றிவிட்டேன். தம்பி திறந்து பார்த்து எல்லாம் சரி என்றார்.

அக்கா சொன்ன எச்சரிக்கையை நான்காவது ஸ்லைடு வரை மறந்துவிட்டேன். அந்தப் பரிசோதனைக்கு சிஎம்டி (கலிஃபோர்னியா மடிநோய்ப் பரிசோதனை) என்று பேர், ஆங்கிலத்தில் மூன்று பெரிய எழுத்தாகப் போட்டிருந்தேன். கன்வெர்ட்டர் அதை "ஊஆவு" என்று ஆக்கிவிட்டது. கண்ணில் பட்டதை எல்லாம் திருத்தினேன். ஃபைலை அனுப்பிய பிறகுதான் 27-ஆம் ஸ்லைடில் இன்னொரு ஊஆவு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். மறுபடி அனுப்பத் தெம்பில்லை. நாளை காலை கொஞ்சம் முன்னதாகப் போய் அங்கேயே திருத்திக்கொள்கிறேன்.

டிடிபி அக்கா | புதன் இரவு 10.20

ஐயா, பென் டிரைவில் ஒரு காப்பியும் எடுத்துக்கிட்டுப் போங்க.