போர அழகா பாடலாமா? புறநானூறு 278 பத்தி ஒரு சண்டை

மொரப்பூர்க்காரன்:
ஞாயித்துக்கிழமை பசங்கள தர்மபுரி மியூசியம் கூட்டிட்டுப் போனேன், நடுகல்லா நிக்குது, எல்லாம் சண்டைல செத்தவன், மாடு மீட்கப் போய் செத்தவன். வெளிய வந்ததும் என் பையன் 278 ஒப்பிக்கிறான், ஸ்கூல்ல போட்டியாம். மகன் புறமுதுகு காட்டலன்னு தெரிஞ்சதும் பெத்த நாள விட சந்தோசப்பட்ட அம்மா பாட்டு. எனக்கு வயித்த கலக்கிருச்சு. இப்படி அழகா பாடிப் பாடியே போர நமக்கு பழக்கிட்டாங்க. கொலைக்கு எதுக்குங்க எதுகை மோனை?

ஊத்தங்கரை டீச்சர்:
தம்பி, கடைசி வரிய மட்டும் பாக்காதீங்க. முன்னாடி "செங்களம் துழவுவோள்"னு வருது. துழாவுறதுன்னா என்னன்னு களி கிண்டுற நம்ம ஊர்க்காரங்களுக்கு சொல்லணுமா, அடி வரைக்கும் துடுப்பு போகணும். அப்படி ஒரு கெழவி கையில வாளோட பொணத்த பொரட்டிப் பொரட்டித் தேடுறா. கெடச்ச புள்ள முழுசா இல்ல, "சிதைந்து வேறாகிய"ங்கறாங்க இந்த பாட்ட பாடின நச்செள்ளையார். செத்தது இத்தன பேருன்னு எழுதியிருந்தா இந்த நடுக்கம் வருமா?

மொரப்பூர்க்காரன்:
அந்த நடுக்கத்த கடைசி வரி தொடச்சிடுதே டீச்சர். "உவந்தனளே"ன்னு முடிச்சா மேடைல கைதட்டு தான் விழும்.

பென்னாகரம்77:
நான் அண்ணன் பக்கம். சோழங்க கலிங்கத்த ஜெயிச்சத பாடுற கலிங்கத்துப்பரணில பேய்ங்க பொணத்த போட்டு கூழ் காய்ச்சுது, செத்தவன் கலிங்கத்துக்காரன்ங்கறதே மறந்து போயி நாம சந்தத்துக்கு தாளம் போட்டுட்டு இருப்போம். எங்கப்பா மிலிட்டரி. எல்லைல நடந்தத ஒரு வார்த்த பேசுனதில்ல, ராத்திரி பட்டாசு வெடிச்சா மட்டும் எந்திரிச்சு உக்காந்துக்குவாரு, விடியற வரைக்கும். எந்த கவித அதுகிட்ட வரும்?

ஊத்தங்கரை டீச்சர்:
பரணிய நானும் தாங்கிப் பிடிக்கல, அது ஜெயிச்சவன் பக்கம் நின்னு பாடினது. ஆனா நம்ம ஊர ஆண்ட அதியமான் செத்தப்ப அவ்வையார் பாடின 235 படிங்க. வேல் அவன் மார்போட நிக்கல, பாணருங்க மண்டையில (தலை இல்ல, சோறு வாங்குற பாத்திரம்) ஓட்ட போட்டு, கேட்டு வர்றவங்க கையில புகுந்து, புலவர் நாக்குல போய் விழுந்துச்சாம். இன்னொன்னு, 95ல இன்னொரு ராஜா தொண்டைமான் வேலெல்லாம் பீலி (மயில் தோகை) கட்டி நெய் பூசி பளபளன்னு இருக்கு, அதியமான் வேல் எதிரிய குத்தி நுனி ஒடிஞ்சு கொல்லன் கொட்டகைல கெடக்கு. அதே பீலி 232ல திரும்ப வருது, இந்த தடவ அதியமானோட நடுகல்லுக்கு சூட்ட. முன்னாடி சின்ன கலயத்துல கள்ளு. நாட்டையே குடுத்தாலும் வாங்காதவன் இத வாங்கிக்குவானான்னு கேக்குறாங்க, நான் க்ளாஸ்ல இந்த எடத்த ஒரு தடவ கூட குரல் உடையாம படிச்சதில்ல.

பென்னாகரம்77:
சரிங்க, ஆனா பதிற்றுப்பத்து எட்டாம் பத்துல அரிசில்கிழார் யார பாடுறாரு? "தகடூர் எறிந்த" (அதாவது நம்ம தர்மபுரிய அடிச்சு அழிச்ச) சேர ராஜா பெருஞ்சேரல் இரும்பொறைய. எறிஞ்சது அவருக்கு பட்டம், எறிபட்டது நம்ம ஊரு. ரெண்டும் நல்ல தமிழ் தானே?

ஊத்தங்கரை டீச்சர்:
நல்ல தமிழ் தான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல தம்பி.

மொரப்பூர்க்காரன்:
235 இப்ப தான் பையனோட உக்காந்து படிச்சேன். "மண்டைன்னா நம்ம சாப்பாட்டுத் தட்டாப்பா, அதுல எப்படி வேல் குத்தும்"னு கேட்டான். போட்டி வெள்ளிக்கிழமை, 278க்கு பதிலா இத சொல்ல விடுவாங்களான்னு நாளைக்கு கேக்கப் போறேன். பரணி விஷயத்துல நான் சொன்னது சொன்னது தான்.