நெல் அறுப்புல கண்ணில் தூசி: மெடிக்கல் சொட்டு மருந்து போதுமா?

மேலூர்_வயல்: அறுப்பு மெஷின் ஓட ஆரம்பிச்சாச்சு. கண்ணில் உமி விழுந்தா உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்னு இங்க எழுதியிருக்காங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சுத்தமான தண்ணி விட்டு அலசி, மேல் இமையைத் திருப்பிப் பார்த்தாலே பெரும்பாலும் தீர்ந்துரும். இமை விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே ஒரு சின்னப் பள்ளம் இருக்கு, தூசி அங்கதான் உட்காரும். கீழே பார்க்கச் சொல்லுங்க. இமைமுடியைப் பிடிச்சு லேசா இழுத்து, வெளிப்பக்கம் 1 செ.மீ. மேலே பட்ஸை வச்சு மடக்குங்க, இமைத்தகடு பிரண்டுரும். ஈர பட்ஸால ஒத்தி எடுத்துட்டு 3 நாள் ஆன்டிபயாடிக் விட்டா போதும்.

நீலவெளிச்சம்: இமையைத் திருப்புறதில் தகராறு இல்லண்ணே. தூசி வந்ததுக்கப்புறம் கருவிழியில கீறல் இருக்கான்னு எப்படிப் பார்ப்பீங்க? வெறுங்கண்ணுக்குச் சிக்காது. ஃப்ளூரசின் சாயத் தாளைத் தொட்டுவச்சு நீல வெளிச்சம் அடிச்சா, கீறின இடம் பச்சையா மின்னும். இமைக்கு அடியில தூசி கிடந்திருந்தா, சிமிட்டுறப்பல்லாம் இழுபட்டு மேலிருந்து கீழா கோடு கோடா விழுந்திருக்கும். கருவிழி நடுவுல மொத்தமே அரை மி.மீ. கனம்தான். அதுல மேல்தோல் 50 மைக்ரான். அந்தத் தோல் கிழிஞ்சாத்தான் பூஞ்சைக்கு வழி. வைக்கோல்லயும் தழையிலயும் ஃபியூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ்ங்கிற பூஞ்சைகள் இருக்கும். ஆன்டிபயாடிக் அதுகளைக் கொல்லாது.

மேலூர்_வயல்: சின்னக் கீறலை அதே மேல்தோல் ஒண்ணு ரெண்டு நாள்ல மூடிக்குதே. ஒவ்வொரு தூசிக்கும் ஒரு நாள் கூலியை விடுன்னு சொன்னா யாரும் வரப்போறதில்ல. தாய்ப்பாலும் தழைச்சாறும் ஊத்திக்கிட்டு வீட்டுலயே கிடப்பாங்க. அதுக்கு மாக்ஸிஃப்ளாக்ஸசின் 0.5% ஆன்டிபயாடிக் சொட்டு எவ்வளவோ மேல். 48 மணி நேரம் பார்ப்போம், வலி தீரலைன்னா போகட்டும்.

நீலவெளிச்சம்: கடையில அந்த மருந்தைத்தான் கொடுப்பாங்கன்னு என்ன நிச்சயம்? கண்ணு சிவந்திருக்குன்னு கேட்டா ஸ்டீராய்டு கலந்த சொட்டும் கைக்கு வரும். சிவப்பு வத்தும், வலி குறையும், ஆள் ஆறிருச்சுன்னு வயலுக்குப் போயிருவார். உள்ள பூஞ்சை தடையில்லாம இறங்கும். பிறகு கருவிழி நடுவுல பூ விழுந்துட்டா கருவிழி மாற்று அறுவைதான்.

பார்மசி_கவுன்டர்: லேபிள்ல டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், லோட்டிபிரெட்னால்னு எந்த ஸ்டீராய்டு இருந்தாலும் திருப்பிக் கொடுத்துருங்க. மரத்துப்போக வைக்கிற சொட்டும் வேண்டாம், அடிக்கடி விட்டா மேல்தோலே ஆறாது.

மேலூர்_வயல்: ஸ்டீராய்டு கூடாதுங்கிறது எனக்கும் சம்மதம். 48 மணிங்கிற என் கணக்கு மாறல.

நீலவெளிச்சம்: 24க்கு மேல வேண்டாம்ண்ணே. காரணம் பூஞ்சைக்கான மருந்துலயே இருக்கு. அரவிந்த் மருத்துவமனைகள்ல நடந்து 2013ல வெளியான சோதனையில, இழைப் பூஞ்சைப் புண்ணுக்கு வோரிகோனசோல்ங்கிற பூஞ்சை மருந்தை விட நாட்டாமைசின் 5% சொட்டு நல்லா வேலை செஞ்சது, ஃபியூசேரியத்துக்கு ரொம்பவே. ஆனா நாட்டாமைசின் ஆழமா ஊறாது. புண் மேலாப்புல இருக்கும்போதே, முழிச்சிருக்கிற நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டுன்னு ஆரம்பிக்கணும். பாட்டிலைக் குலுக்காம விட்டா மருந்து அடியிலயே தங்கிரும். கூலி போகுதேன்னா பக்கத்துல இருக்கிற விஷன் சென்டர், அதாவது சின்னக் கண் பரிசோதனை மையம் போதும். அங்கயும் கண்ணைப் பெருசாக்கிப் பார்க்கிற ஸ்லிட்லாம்ப் கருவி இருக்கு, அங்கிருந்தே டாக்டர்கிட்ட காட்டிருவாங்க. போறப்ப ஏற்கெனவே விட்ட சொட்டு பாட்டிலைக் கையோட கொண்டுபோங்க. புண்ணைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ரோஸ்கோப்புல பார்ப்பாங்க. பூஞ்சை இழை இருந்தா பெரும்பாலும் அப்பவே தெரிஞ்சுரும்.