ஓவர்கிளாக்கிங்: மிகைக்கடிகாரமா, துடிப்பேற்றமா? (தாய்ப்பலகை மாற்றும் வழிகாட்டிக்கான சொற்கள்)

அனைவருக்கும் வணக்கம்.

பழுதான தாய்ப்பலகைக்குப் பதில் வேறொன்றைத் தேர்ந்தெடுப்பது பற்றிய வழிகாட்டியில், ஓவர்கிளாக்கிங் (செயலியை உற்பத்தியாளர் உறுதியளித்த வேகத்தைத் தாண்டி ஓட்டுவது) செய்பவர்களுக்கான பகுதி தலைப்புச் சொல்லிலேயே நிற்கிறது. வரைவில் "மிகைக்கடிகாரம்" என்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டு "துடிப்பேற்றம்" என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை.

பாடநூல்களில் உள்ள "கடிகாரத் துடிப்பு" என்ற தொடரில் பொருளைத் தாங்குவது "துடிப்பு"தான். அடித்துடிப்பு (பலகையின் அடிப்படைத் துடிப்பு) 100 மெகாஹெர்ட்ஸ். பெருக்கி (அதை எத்தனை மடங்காக்குவது என்ற எண்) 50 என்றால் மையக்கரு 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும். 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் செயலிகளின் காலத்திலேயே இன்டெல் இந்த அடித்துடிப்போடு பிசிஐ எக்ஸ்பிரஸையும் (வரைகலை அட்டை போன்றவற்றுக்கான இணைப்பு) பிணைத்துவிட்டது. அதைச் சில விழுக்காடு கூட்டினாலே மற்ற பாகங்கள் தடுமாறும். அதனால் தனித் துடிப்பாக்கி வைத்த சில உயர்விலைப் பலகைகளைத் தவிர, நடைமுறையில் எல்லோரும் கூட்டுவது பெருக்கியைத்தான். கடிகாரம் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கருவின் துடிப்பு ஏறுகிறது.

இன்னொரு வசதி, சொல்லிலிருந்து வினை பிறக்கிறது: துடிப்பேற்று, துடிப்பேற்றிய செயலி. எதிர்ச்சொல் துடிப்பிறக்கம். மின்னழுத்தத்துக்கு அழுத்தேற்றம், அழுத்திறக்கம். மிகைக்கடிகாரத்திலிருந்து இப்படி ஒரு குடும்பத்தை உருவாக்க முடியாது.

———

மறுமொழி:

> நடைமுறையில் எல்லோரும் கூட்டுவது பெருக்கியைத்தான்

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் செயலியின் டர்போ வசதியிலும் துடிப்பு ஏறத்தானே செய்கிறது? செயலி தானாக, உற்பத்தியாளர் உறுதியளித்த வரம்புக்குள் ஏறுவது அது. நாம் பேசுவது அந்த வரம்பைத் தாண்டி ஏற்றுவது. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் பலகையைத் தவறாக வாங்குகிறார்கள். கே என்று முடியும் இன்டெல் செயலியை பி760 பலகையில் செருகினால் டர்போ குறையில்லாமல் வேலை செய்யும், நினைவகத்தையும் வேகப்படுத்தலாம். ஆனால் பெருக்கியைக் கூட்டப் போனால் பயாஸ் (பலகையின் அமைப்புகளை ஆளும் நிரல்) இடம் தராது. "துடிப்பு ஏறுகிறதே, அப்புறம் என்ன?" என்று வாசகர் கேட்பார். ஆகவே "வரம்புமீறு துடிப்பு" என்று வைத்தால் என்ன?

———

மறுமொழி:

"வரம்புமீறு" என்றதும் குற்றம் செய்ததுபோல் தொனிக்கிறது. டர்போவுக்குத் "தன்னேற்றம்" என்று தனிச்சொல் கொடுத்துவிட்டால் துடிப்பேற்றம் தெளிவாகிவிடும்: தன்னேற்றம் செயலி செய்வது, துடிப்பேற்றம் நாம் செய்வது. நீங்கள் சொன்ன பி760 எடுத்துக்காட்டை வரையறைக்குக் கீழேயே போட்டு, எந்தச் சில்லுத்தொகுதி (பலகையின் கட்டுப்பாட்டுச் சில்லு; பி760 அதில் ஒரு வகை) துடிப்பேற்றத்துக்கு இடம் தரும் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

இன்டெல் எல்ஜிஏ1700, எல்ஜிஏ1851 சாக்கெட்டுகள்: இசட்690, இசட்790, இசட்890 மட்டும். செயலியும் கே வகையாக இருக்க வேண்டும். ஏஎம்டி ஏஎம்4 சாக்கெட்: பி350, பி450, பி550, எக்ஸ்370, எக்ஸ்470, எக்ஸ்570 தரும்; ஏ320, ஏ520 தராது. ஏஎம்5: பி650, பி850, எக்ஸ்670, எக்ஸ்870 தரும், ஏ620, பி840 தராது. ஏஎம்டியில் பலகை இடம் கொடுத்தாலும் செயலி பூட்டியிருக்கலாம். 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி இரண்டிலும் பெருக்கி பூட்டப்பட்டது, 9800எக்ஸ்3டியில் திறந்தது. கையில் இருக்கும் செயலியே பூட்டியது என்றால் விலை கூடிய பலகைக்குச் செலவழிப்பதில் பயனில்லை.

———

மறுமொழி:

துடிப்பேற்றத்துக்கு என் ஆதரவும் உண்டு. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, பலகையில் செயலிக்கு மின்சாரம் தரும் வி.ஆர்.எம். பகுதிக்கான சொல். வரைவில் "மின்னழுத்தச் சீராக்கித் தொகுதி" என்று இருக்கிறது. சொல் தவறில்லை, ஆனால் வீட்டில் குளிர்பெட்டிக்கு வைக்கும் ஸ்டெபிலைசர்தான் வாசகரின் மனதில் வரும். இந்தப் பகுதி செய்யும் வேலை வேறு. 12 வோல்ட்டை 1.2 வோல்ட் அளவுக்கு இறக்கி, அதற்கு ஈடாகப் பெரிய மின்னோட்டத்தைத் தருகிறது. "மின்னூட்டப் பகுதி" என்றால் மின்சுமையோடு குழம்பும். "கருமின் வழங்கி" என்று முன்வைக்கிறேன்: கருவுக்கு மின் வழங்குவது.

பலகைத் தேர்வின் உயிர்நாடி இதுதான் என்பதால் கணக்கையும் தருகிறேன். செயலி செலவழிக்கும் திறன், துடிப்போடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் கூடும். 4.7 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட், 180 வாட் என்று ஓடும் செயலியை 5.1 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்குக் கொண்டுபோனால் துடிப்பு 8.5 விழுக்காடுதான் கூடுகிறது. திறனோ ஏறத்தாழ 37 விழுக்காடு கூடி 247 வாட் ஆகும். மின்னோட்டம் 150 ஆம்பியரிலிருந்து 183 ஆம்பியருக்குப் போகும். கசிவு மின்னோட்டத்தையும் சேர்த்தால் உண்மையில் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இந்த 183 ஆம்பியரை 8 கட்டங்கள் (வழங்கிக்குள் சுமையைப் பங்கிடும் ஒரே மாதிரிச் சுற்றுகள்) பகிர்ந்தால் ஆளுக்கு 23 ஆம்பியர். 16 கட்டங்கள் பகிர்ந்தால் 11.4. ஒரே வகைப் பாகங்கள் என்றால், எதிர்ப்பால் எழும் வெப்பம் 8 கட்டப் பலகையில் மொத்தமாக இரு மடங்கு. ஆனால் கட்டங்களை மட்டும் எண்ணிவிட்டு வாங்கக் கூடாது. அட்டைப்பெட்டியில் "16+1+2" என்று போட்டிருந்தால் முதல் எண்தான் கருவுக்கு. அந்த 16-ம் பெரும்பாலும் 8 கட்டுப்பாட்டுத் தடங்களை இரண்டிரண்டாகப் பிரித்ததே. ஒவ்வொரு மின்நிலையும் (கட்டத்தில் மின்னோட்டத்தைக் கடத்தும் சில்லு) 50 ஆம்பியருக்கானதா, 90-க்கானதா என்று பார்க்க வேண்டும். நல்ல 90 ஆம்பியர் பாகங்களோடு 8 கட்டம் கொண்ட பலகை, மலிவான பாகங்களோடு 12 கட்டம் கொண்டதைவிடக் குளிர்ச்சியாக ஓடலாம்.

ஹீட்சிங்க்கையும் பாருங்கள். மேலே மூடியிருக்கும் அழகுத் தகட்டைச் சிலர் ஹீட்சிங்க் என்று எண்ணிவிடுகிறார்கள். வெட்டிய மடிப்புகளும் கனமும் இருக்க வேண்டும், அடியில் வெப்பப் பட்டை மின்நிலைகளை முழுதும் தொட வேண்டும். நீர்க்குளிர்விப்புக்கு மாறுபவர்கள் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். செயலி மேலிருந்த விசிறி போய்விடுவதால் கருமின் வழங்கியின் மேல் காற்றே படாது. செயலி 75 பாகையில் இருக்கும்போது வழங்கி 110 பாகையைத் தொட்டு, பலகை தானாகவே துடிப்பை இறக்கும். குற்றம் செயலியில் என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

மேலே இரண்டு 8 முனை மின்செருகிகள் இருப்பது கட்டாயமில்லை. ஒரு செருகியில் 12 வோல்ட் கம்பிகள் நான்கு. 300 வாட்டுக்கு 25 ஆம்பியர், கம்பிக்கு 6 ஆம்பியர் சொச்சம். அது தாங்கும்.

———

மறுமொழி:

"கருமின் வழங்கி" நன்று. "கருமின்" என்பதை அணுக்கரு மின்சாரம் என்று படிக்க வாய்ப்புண்டு, ஆனால் தாய்ப்பலகைச் சூழலில் அந்தக் குழப்பம் வராது.

எல்.எல்.சி. (லோட்-லைன் காலிபிரேஷன்) என்ற பயாஸ் அமைப்புக்குச் சொல் இன்னும் முடிவாகவில்லை. "சுமைக்கோட்டு அளவுத்திருத்தம்" என்று நேரடியாகப் பெயர்த்தால் என்ன மாறுகிறது என்றே தெரியாது. சுமை ஏறும்போது கருவின் மின்னழுத்தம் சற்று இறங்கும், அதைச் "சரிவு" என்போம். பயாஸில் உள்ள அந்த அமைப்பு, சரிவை எவ்வளவு தடுப்பது என்று கேட்கிறது. ஆகவே "சரிவுத் தடுப்பு".

சுமைக்கோடு (மின்னோட்டத்துக்கு ஏற்ப எவ்வளவு சரியும் என்ற அளவு) 1.1 மில்லி ஓம், மின்னோட்டம் 150 ஆம்பியர் என்றால் சரிவு 165 மில்லிவோல்ட். 1.35 என்று அமைத்தாலும் சுமையில் கருவுக்குக் கிடைப்பது 1.185தான். பாதி தடுத்தால் 1.267 கிடைக்கும். முழுதும் தடுக்கலாமே என்று தோன்றும், அதைச் செய்யக் கூடாது. 150 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்த செயலி சட்டென்று 10-க்கு இறங்கும்போது, சுருள்களில் தேங்கிய ஆற்றல் மின்தேக்கிகளுக்குள் பாய்ந்து மின்னழுத்தம் மைக்ரோநொடிக் கணக்கில் மேலே துள்ளும். சரிவு இருந்தால் அந்தத் துள்ளலுக்கு இடம் இருக்கும். இல்லையென்றால் அமைத்த அளவையும் தாண்டிவிடும். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கண்காணிப்பு மென்பொருளில் இது தெரியாது, அலைநோக்கி வைத்தால்தான் தெரியும்.

வழிகாட்டியில் "தடுப்பு நிலை 4 வையுங்கள்" என்று எண் சொல்லி எழுதவே கூடாது. ஆசுஸ் பலகைகளில் எண் கூடக் கூடத் தடுப்பு கூடும். எம்எஸ்ஐ, ஆஸ்ராக் பலகைகளில் 1 என்பதுதான் உச்சத் தடுப்பு. பழைய பலகையில் வைத்திருந்த எண்ணைப் புதிய பலகையில் அப்படியே இடுபவர் நேர்மாறான இடத்துக்குப் போய்விடுவார். "சுமையில் 60 முதல் 80 மில்லிவோல்ட் சரிவு மிஞ்சட்டும்" என்று அளவைச் சொல்வோம். அளப்பதற்குச் சில்லின் உள்ளிருந்தே உணரும் பலகையாக இருந்தால் நல்லது. சாக்கெட்டுக்கு வெளியே அளக்கும் பலகைகள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

———

மறுமொழி:

சரிவு, சரிவுத் தடுப்பு, துள்ளல் மூன்றையும் ஏற்கிறேன்.

பலகை மாற்றும் இடத்தில் மூன்று நான்கு செய்திகள் விடுபட்டுள்ளன. இன்டெல் எல்ஜிஏ1700 சாக்கெட் பலகைகள் டிடிஆர்4, டிடிஆர்5 என இரண்டு நினைவக வகையிலும் உண்டு. கையிலுள்ள நினைவகத்தைப் பார்த்து வாங்க வேண்டும், ஒன்றின் துளையில் மற்றது நுழையாது. அந்தச் சாக்கெட்டின் குளிர்விப்பான் துளை இடைவெளி 78 மில்லிமீட்டர், முந்தைய எல்ஜிஏ1200-இல் 75. பழைய குளிர்விப்பானுக்குப் புதிய பிடிப்பான் வேண்டும். பழைய பலகை பெரியது, புதியது சிறியது என்றால் கேபினெட்டில் மிஞ்சும் பித்தளைத் தாங்கிகளைக் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் பலகையின் அடியில் பட்டுக் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும்.

பயாஸ் பதிப்பு மிக முக்கியம். கடையில் நெடுநாள் கிடந்த பலகையில் பழைய பதிப்பே இருக்கும். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளுக்கு 2024 ஆகஸ்டில் வந்த 0x129 நுண்நிரல் (பயாஸோடு வரும் செயலியின் உள்நிரல்), 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுக்கிறது. அதுவோ அதற்குப் பிந்தியதோ இல்லாமல் துடிப்பேற்றத்தைத் தொடங்கவே வேண்டாம். ஏஎம்5-இல் 2023-க்குப் பிந்திய பதிப்பு இருந்தால் எஸ்ஓசி மின்னழுத்தம் (செயலியில் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கானது) 1.3 வோல்ட்டைத் தாண்டாது. செயலி இல்லாமலே யூஎஸ்பி வழியாகப் பயாஸ் ஏற்றும் பொத்தான் உள்ள பலகையைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான். அதற்குச் "செயலியிலாப் பதிவு" என்று பெயர் வைக்கலாமா?

கழற்றுவதற்கு முன் பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) மீட்புச் சாவியை எழுதி வைக்கச் சொல்லுங்கள். பலகை மாறினால் அதிலிருந்த டிபிஎம்மும் (சாவியைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) மாறும், சாவி இல்லாமல் வட்டு திறக்காது.

———

மறுமொழி:

"செயலியிலாப் பதிவு" வாசிக்கும்போது இடறுகிறது, "செயலி"யும் "இலா"வும் ஒட்டிக்கொள்கின்றன. "தனிப்பயாஸ் ஏற்றம்" என்றால் ஏற்றக் குடும்பத்திலேயே சேரும்.

கடைசியாக, ஸ்டெபிலிட்டி டெஸ்டுக்கு "நிலைப்புச் சோதனை". இங்கே ஒரு வரி கட்டாயம் சேர வேண்டும். பிரைம்95, ஓசிசிடி ஆகிய சோதனை நிரல்களில் ஒன்று ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடியது என்பதால் நிலைப்பு வந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் டபிள்யூஎச்இஏ-லாகர் 19 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வன்பொருள் தானே திருத்திக்கொண்ட பிழை அது. திரையில் எதுவும் தெரியாது, கணினியும் விழாது. ஒரே ஒரு பதிவு வந்திருந்தாலும் பெருக்கியை ஒரு படி இறக்கி, சோதனையை முதலிலிருந்து ஓட்டச் சொல்லுங்கள்.