புதுப்பிப்பு: அதிரசம் எண்ணெய்ல பிரிஞ்சு போன பிரச்சனை சரியாயிடுச்சு

அதிரசம் எண்ணெய்ல போட்டதும் பிரிஞ்சு போகுதுன்னு போன வாரம் கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாகு பதம் பத்தலைன்னு சொன்ன அக்காதான் கரெக்ட். இந்த தடவ ஒரு சொட்டு பாகை தண்ணியில விட்டு, விரலால உருட்டினா மெத்துன்னு உருண்டையா நிக்கிற வரைக்கும் காத்திருந்துதான் அடுப்ப அணைச்சேன், ஈர மாவை கொஞ்சம் கொஞ்சமா போட்டு கிளறி, மேல நெய் தடவி ரெண்டு நாள் மூடி வச்சு மிதமான தீயில சுட்டேன், ஒண்ணுகூட பிரியல. பழைய மாவையும் தூக்கிப் போடல, ரெண்டு ஸ்பூன் பச்சரிசி மாவு சேர்த்ததும் அதுவும் சரியாயிடுச்சு. எதிர்பார்க்காதது என்னன்னா, நேத்து அபார்ட்மெண்ட் ஸ்வீட் டேஸ்டிங்ல, சூடா கொண்டு போனத விட முந்தின நாள் சுட்டதுதான் முதல்ல காலியாச்சு, சுக்கு ஏலக்காய் வாசனை அதுல அவ்ளோ நல்லா இறங்கியிருந்துச்சு.