ஸ்டுட்கார்ட்டில் முதல் மூன்று மாதச் செலவு: உதவி தேவை

என் தங்கைக்கு ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது; வகுப்புகள் அக்டோபரில் தொடங்குகின்றன. பிளாக்டு அக்கவுண்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான 11,904 யூரோவையும், அந்த மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் செமஸ்டருக்குச் செலுத்தும் கல்விக் கட்டணமான 1,500 யூரோவையும் கல்விக் கடனிலிருந்து கட்டிவிட்டோம். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க முடியும் என்பதால், போய் இறங்கியவுடன் ஒன்றாகச் சேர்ந்து வரும் செலவுகளுக்கு என்ன செய்வது என்பதுதான் சிக்கல்.

அவற்றில் பெரியது வீட்டு அட்வான்ஸ். வெப்பமூட்டல் முதலியவை சேராத வாடகையைப் போல மூன்று மடங்கு வரை அதைக் கேட்கச் சட்டம் அனுமதிக்கிறது. மூன்று தவணைகளில் கட்டும் உரிமை இருந்தாலும், முதல் தவணை முதல் மாத வாடகையுடன் சேர்ந்தே வரும். மருத்துவக் காப்பீடு, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம், குளிர்கால உடைகள் ஆகியவை தனி.

மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்தோம்; காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். கடன் தந்த வங்கியோ, ரசீது இல்லாத செலவுக்குப் பணம் விடுவிக்க மறுத்துவிட்டது. ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்ய அனுமதி உண்டு என்றாலும், முதல் செமஸ்டரில் அவள் படிப்பை மட்டுமே கவனிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அண்மையில் ஸ்டுட்கார்ட் சென்றவர்களுக்கு, பிளாக்டு அக்கவுண்ட் பணம் தவிர, முதல் மூன்று மாதங்களுக்கு எத்தனை யூரோ கூடுதலாகத் தேவைப்பட்டது?