பேசும் செஸ் பெட்டிக்கு ஒரு சொல் வேண்டும் – ஞாயிற்றுக்கிழமைக்குள்

குழுவினருக்கு வணக்கம்.

கண்ணழுத்த நோயால் அப்பாவுக்குப் பார்வை அநேகமாகப் போய்விட்டது. போன மாதம் சித்தப்பா ஒரு பழைய மின்னணு சதுரங்கப் பலகையைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே எழுதியிருந்த பெயர் அழிந்துவிட்டது. காயை எடுக்கும் கட்டத்தில் அமுக்கினால் கரகரத்த குரலில் "ஈ டூ" என்று கட்டத்தின் பெயரைச் சொல்கிறது. வைக்கும் கட்டத்தில் அமுக்கினால் "ஈ ஃபோர்". கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் தன் ஆட்டத்தைச் சொல்கிறது. அதன் காயையும் நாம்தான் நகர்த்தி வைக்க வேண்டும்.

ஆங்கிலக் கையேட்டைச் சுருக்கி, அப்பாவும் அவருடைய நண்பர்கள் மூன்று பேரும் கேட்பதற்காகத் தமிழில் ஒலிப்பதிவு செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பதிவு. பொருளின் பெயர் இருபது இடத்தில் வருகிறது. "பேசும் மின்னணு சதுரங்கக் கணினி" என்று இருபது முறை படித்தால் எனக்கே மூச்சு வாங்குகிறது. சின்னதாக ஒரு சொல் தாருங்கள்.

– ம.

~

அன்பு மகளுக்கு,

சதுரங்கம் வடசொல். நம்மிடம் 'வல்' என்ற பழைய பலகை ஆட்டம் இருக்கிறதே! தொல்காப்பியர் அதற்குத் தனியாகப் புணர்ச்சி விதியே சொல்கிறார்: "நாயும் பலகையும் வரூஉம் காலை". வல்லநாய், வல்லப்பலகை. இங்கே நாய் என்பது ஆட்டக்காய். புறநானூறு 52ஆம் பாட்டை நினைத்துப் பாருங்கள். பாழடைந்த பொதியிலில் (ஊர்மன்றத்தில்) நரைத்த கிழவர்கள் நாய் இட்டு இட்டுக் குழிந்துபோன வல்லுக்களம். ஆள் நடமாட்டம் போனபின் அதில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. இப்படி ஒரு காட்சி கிடக்க, நாம் வேறு சொல் தேடுவானேன்?

பேசுகிற வல் ஆதலால் 'சொல்வல்லு'. "சொலல்வல்லன் சோர்விலன் அஞ்சான் அவனை இகல்வெல்லல் யார்க்கும் அரிது." வள்ளுவர் இந்தப் பெட்டியோடு ஆடித் தோற்றவர் போலவே எழுதியிருக்கிறார்.

– புலவர் ச.

~

புலவர் ஐயா, குறள் அபாரம். ஆனால் "அப்பா, ஈ டூ கட்டத்து நாயை எடுங்கள்" என்று சொல்லப்போவது நான்.

– ம.

~

ஐயா, வல்லு சூதாட்டம். சதுரங்கத்தில் சூது ஏது? பொருள் மாறுகிறதே.

என் பரிந்துரை 'பேசுப்பலகை'. கரும்பலகை, விசைப்பலகை வரிசையில் இயல்பாக உட்காரும்.

– இரா. (மென்பொருள் தமிழாக்கம்)

~

தம்பி, பேசுபலகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு. 'ஊறுக்காய்' என்றா எழுதுவீர்கள்?

பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. சொல் மாறாமல் பொருள் மாறுவது உண்டுதான். நாற்றம் என்றால் அன்று நறுமணம், இன்று என்ன?

– புலவர் ச.

~

ஒற்று போட்டது என் தவறு. ஆனால் வினைத்தொகை என்றால் மூன்று காலமும் அடங்கும்: பேசிய பலகை, பேசுகின்ற பலகை, பேசும் பலகை. எங்கள் வீட்டில் இருந்தது பேட்டரி தீர்ந்து முதலாவதிலேயே நின்றுவிட்டது.

– இரா.

~

சொல் கிடைப்பதற்குள் கொஞ்சம் வரலாறு. வியன்னாவில் கெம்பெலன் 1770 வாக்கில் காட்டிய 'துருக்கியன்' சதுரங்கப் பொறிக்குள் ஆள் ஒளிந்திருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். பின்னால் அதை வாங்கிய மெல்சல் ஒரு குரல்கருவி சேர்த்து, பிரெஞ்சில் "எஷெக்" என்று செக் சொல்ல வைத்தார். அதாவது, நிஜமாக ஆடத் தெரிவதற்கு முன்பே பொறி பேசிவிட்டது!

நிஜமாகவே ஆடவும் பேசவும் செய்தது 1979இல் ஃபிடெலிட்டி நிறுவனம் வெளியிட்ட வாய்ஸ் செஸ் சேலஞ்சர். அதன் குரல் சில்லு முதலில் பார்வையற்றோருக்கான பேசும் கணக்குப்பொறிக்காக உருவானது. ஆக, ம. அவர்களின் அப்பாவுக்கு வேண்டிய குரல்தான் வந்திருக்கிறது.

'ஆடுகணினி' எப்படி?

– கோ. (ஓய்வுபெற்ற பொறியாளர்)

~

மேய்க்க ஆள் வேண்டுமா?

– இரா.

~

எல்லாருக்கும் நன்றி. நேற்று அப்பாவிடம் ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினேன். 'சொல்வல்லு' என்றதும் "யாருக்குப் பல்லு?" என்றார். கேட்பதற்கான கையேடு இது. எழுத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் காதில் தவறாக விழுந்தால் பயனில்லை. 'பேசுபலகை' பரவாயில்லை. ஆனால் நான்காம் பத்தியில் "பேசுபலகையின் பலகையைத் துடைக்க" என்று வருகிறது.

காதில் விழுவதில் இதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அந்தக் கரகரப்பில் பி, சி, டி, ஈ, ஜி ஐந்தும் ஒன்றுபோல் கேட்கின்றன. நேற்று பெட்டி "டி ஃபைவ்" என்றதை அப்பா "பி ஃபைவ்" என்று எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் வேறு ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். தடவிப் பார்க்கும்போது யானை சாய்ந்து குதிரையையும் தள்ளுகிறது. இப்போதைக்குக் கறுப்புக் காய்களின் தலையில் நகப்பூச்சால் ஒரு சொட்டு வைத்திருக்கிறேன்.

– ம.

~

அம்மா, இதற்கு ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) விதிகளிலேயே வழி இருக்கிறது. பார்வையற்றோர் ஆடும்போது எழுத்தைச் சொல்லாமல் பெயரைச் சொல்வார்கள்: அன்னா, பெல்லா, சீசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர். அவர்களுடைய பலகையில் கறுப்புக் கட்டங்கள் சற்று உயர்ந்திருக்கும். கட்டத்துக்கு ஒரு குழி, காயின் அடியில் ஒரு முளை. குழியிலிருந்து வெளியே எடுத்தால்தான் காயைத் தொட்டதாகக் கணக்கு. சும்மா தடவலாம்.

– கோ.

~

முளை! குழி! எவ்வளவு நல்ல சொற்கள் சும்மா கிடக்கின்றன. அந்த எட்டுப் பேருக்கும் தமிழ்ப் பெயர் வைக்க வேண்டாமா? அணில், பலா, சிலம்பு, டகரத்துக்கு மட்டும்...

– புலவர் ச.

~

ஐயா, தமிழில் டகரம் மொழிமுதலில் வராது. நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான்.

– இரா.

~

பெட்டி ஆங்கிலத்தில்தானே பேசப்போகிறது? அது "டி" என்னும், நாம் அணில் பலா என்போம், நடுவில் பெரியவர் திண்டாடுவார். செஸ் என்பதை விட்டுவிடவும் வேண்டாம். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது எங்கள் தெரு டீக்கடையில் சதுரங்கம் என்று ஒருவரும் சொல்லவில்லை. 'பேசும் செஸ் பெட்டி' போதும். வேலையைப் பாருங்கள்.

– தே.

~

சரி, அதற்கே என் ஓட்டும்.

– கோ.

~

நானும். களைப்பாக இருக்கிறது.

– இரா.

~

'பேசும் செஸ் பெட்டி' என்றே பதிவு செய்துவிட்டேன். முதல் முறை மட்டும் முழுப் பெயர், பிறகு வெறும் 'பெட்டி'.

அப்பா இது எதையும் பயன்படுத்துவதில்லை. அவருக்கு அது 'அவன்'. "அவன் யானையைக் கொடுத்துட்டுக் குதிரையை எடுக்குறான் பாரு" என்கிறார்.

– ம.

~

செஸ் என்று பதிவானதில் எனக்கு உடன்பாடில்லை என்பதைக் குழு குறித்துக்கொள்ள வேண்டும். பதிவின் கடைசியில் "இதனை வல்லுப்பெட்டி என்றும் சொல்லலாம்" என்று ஒரே ஒரு வரி சேர்க்க முடியுமா, மகளே? அடுத்து, செக் என்பதற்கு 'முற்றுகை' என்று போட்டீர்களா, அப்படியே விட்டுவிட்டீர்களா?

– புலவர் ச.