பங்குனியில் காய்ந்த தூர்: செத்துப்போச்சா, துளிர்க்குமா?

பாளைத் தோட்டக்காரன்:
பாளையங்கோட்டை, வீட்டு முன்வாசல் ஓரம், செம்மண் தரை. அழகுக்கு வைக்கிற பவுண்டன் புல் ஆறு தூர், எலுமிச்சம்புல் ரெண்டு, வேலியோரம் செங்காந்தள் நாலு கிழங்கு, தொட்டியில பந்து லில்லி. தை கடைசியிலேயே செங்காந்தள் கொடி காஞ்சு விழுந்துட்டு. இப்ப பங்குனி பாதி, புல்லும் வைக்கோல் நிறம். எல்லாத்துக்கும் தினம் சாயந்தரம் ஒரு செம்பு போர் தண்ணி ஊத்துறேன். ஒண்ணும் அசையல. வீடியோவுல மார்ச்சில தரையோட வெட்டுங்கன்னு சொல்றான். வெட்டலாமா, தோண்டிப் பாக்கலாமா, பிடுங்கிட்டுப் புதுசு வைக்கவா?

தாமிரபரணிக்கரை:
அண்ணாச்சி, மொதல்ல அந்தச் செம்புத் தண்ணிய நிப்பாட்டுங்க. கிழங்கும் புல்லும் ஒண்ணாக் காஞ்சிருக்கு, ஆனா காரணம் வேற வேற. செங்காந்தளும் பந்து லில்லியும் தூங்குது, அதுக்கு இப்ப சொட்டுத் தண்ணி கூடாது. புல்லு தாகத்துல கெடக்கு. ஒரு செம்பு ஊத்துனா மேல ரெண்டு விரக்கடைதான் நனையும், வேரு அதுக்கும் கீழ எங்கேயோ இருக்கு.

அந்த வீடியோ பனி பெய்யுற ஊர்க்காரங்க எடுத்தது. அங்க தூரைத் தூங்க வைக்கிறது குளிரு, மண்ணு சூடானா முழிக்கும். நமக்குச் சூட்டுக்கா பஞ்சம்? இங்கன எழுப்புறது ஈரம்.

உசுரு இருக்கான்னு பாக்க: தூரை ரெண்டு கையால விரிச்சு, நடுவுல ஒரு குருத்து, ஓரத்துல ஒரு குருத்து மண்ணோட ஒட்டி அறுங்க. வெட்டுவாய் வெள்ளையா, வெளிர்பச்சையா இருந்து, நகத்தால அழுத்துனா ஈரம் கசிஞ்சா பொழைச்சுக்கிடும். பழுப்பாப் பொடிஞ்சா அந்தக் குருத்து போச்சு. மேல இலை எந்த நிறமா இருந்தாலும் கணக்கு இல்ல.

வெட்டுறதுன்னா சணல் கயித்தால தூரை இறுக்கிக் கட்டிட்டு, தரையிலேருந்து அஞ்சாறு அங்குலம் விட்டுக் கருக்கருவாளால அறுங்க. எலுமிச்சம்புல்லுக்கும் அதே அளவு. துளிர் மொட்டு அடித்தண்டுக் கணுவுல இருக்கு, தரையோட வழிச்சா வெயில்ல வெந்துரும். அறுத்த அன்னைக்கே தூருக்கு ஒரு வாளி, மெதுவா. அப்புறம் நாலு நாளைக்கு ஒரு தடவை. ரெண்டு வாரத்துல பச்சை ஊசி தெரியணும். ஆறு வாரம் ஆகியும் வரலைன்னா பிடுங்கிரலாம். யூரியா பக்கம் போயிராதீங்க.

கரிசல்காட்டான்:
ரெண்டு விசயம் விட்டுப்போச்சு. ஒண்ணு, போர் தண்ணி. மண்ணு மேல வெள்ளையாப் பூத்திருந்தா அது உப்பு. கொஞ்சங்கொஞ்சமா தினமும் ஊத்துனா தண்ணி ஆவியாப் போகும், உப்பு மட்டும் வேர்கிட்ட தங்கும். இலை நுனி கருகுறது அதனாலயும் இருக்கலாம். ஊத்துனா நெறைய ஊத்தி உப்பைக் கீழ இறக்குங்க. வாரம் ஒரு தடவையாவது ஆத்துத் தண்ணி கிடைச்சா நல்லது.

ரெண்டு, கரையான். செம்மண்ணுல காஞ்ச சருகைத் தூரு மேலயே மூடாக்கா போட்டா விருந்து வச்ச மாதிரி. குருத்தை இழுத்தா லேசாக் கையோட வந்து, உள்ள மண்ணு அடைச்சிருந்தா அதுதான். மூடாக்கு தூரிலேருந்து நாலு விரல் தள்ளியே இருக்கட்டும். தூரைச் சுத்தி ரெண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு கிளறி விடுங்க.

சாரல்வீடு, தென்காசி:
செங்காந்தளைப் பத்தி. கிழங்கு கவட்டை மாதிரி இருக்கும், ஒவ்வொரு கை நுனியிலயும் ஒரே ஒரு மொட்டு. மம்பட்டி நுனியில பட்டுச்சுன்னா அந்தக் கை அந்த வருசம் முளைக்காது. அதனால சும்மா சும்மா தோண்டாதீங்க அண்ணே. சந்தேகம்னா ஒரு கிழங்கை மட்டும், காஞ்ச கொடியிலேருந்து ஒரு சாண் தள்ளி, கையால மண்ணை விலக்கிப் பாருங்க. கல்லு மாதிரி இருந்தா நல்ல கிழங்கு. மெத்துன்னு நாத்தம் அடிச்சா தினம் ஊத்துன தண்ணிதான் காரணம். பக்கத்துல சுருங்கின பழுப்புத் தோல் கிடந்தா பதறாதீங்க, அது போன வருசத்துக் கிழங்கு. ஒவ்வொரு வருசமும் புதுசு கட்டிட்டுப் பழசு வத்திரும்.

கோடை மழை ரெண்டு நல்லாப் பேஞ்சாலோ, ஆனி வாக்குலயோ முளை கூர்மையா வரும். நாலு பக்கமும் குச்சி நட்டு அடையாளம் வச்சிருங்க, களை வெட்டும்போது நுனி போயிரும். செடி முழுக்க கொல்கிசின் விஷம், கிழங்குல ரொம்ப. கிழங்கைத் தொட்டா கையைக் கழுவுங்க, சின்னப் பிள்ளைக இருக்குற வீடுன்னா வெளிய எடுத்துப் போட்டு வைக்காதீங்க.

பந்து லில்லித் தொட்டியைச் சாய்ச்சு நிழல்ல வைங்க. சித்திரை, வைகாசியில ஒரு மழை பட்டா இலைக்கு முன்னாடி பூத்தண்டுதான் தலை நீட்டும்.

பாளைத் தோட்டக்காரன்:
ரொம்ப உபகாரம். அறுத்துப் பாத்தேன். ஓரத்துக் குருத்து எல்லாம் வெள்ளை, நடு மட்டும் பொடி. வடை மாதிரி ஓட்டை. கரையான் மண்ணு இல்ல. செங்காந்தள் ஒண்ணு பாத்தேன், கெட்டியா இருக்கு. புல்லை இப்பவே பிரிச்சு நடலாமா?

தாமிரபரணிக்கரை:
நடு காயுறது வயசான தூரு. இப்ப அறுப்பு மட்டும் போதும். பிரிச்சா வேரு அறுந்து இந்த வெயில் தாங்காது. ஆனி, ஆடியிலயும் வேண்டாம். உங்க பக்கம் சாரல் வராது, காத்து மட்டும் சுத்தி அடிக்கும், புதுத் துளிரை உலத்திரும். ஐப்பசி மழை பிடிச்சதும் கடப்பாரையால தூரோட பேத்து, ஓரத்துலேருந்து பத்துப் பதினஞ்சு குருத்து வேரோட ஒரு துண்டா வெட்டுங்க. நடுவைத் தூரப் போட்டுட்டு ரெண்டடி இடைவெளியில, பழைய மண்மட்டத்துக்கே நடுங்க. ஆழமாப் புதைச்சா கழுத்து அழுகிரும்.